மோரிஸ் மைனர்: ஒரு பிரேக் பெடலுக்கு மூன்று சனிக்கிழமை

பெடலை மிதித்தேன். பாதி தூரத்தில் கல் மாதிரி நின்றது. காலை எடுத்துவிட்டுப் பத்து வரை எண்ணி மறுபடி மிதித்தேன். அதே இடத்தில் நின்றது. வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "என்னடா ஆச்சு?" என்றார். "நிக்குது சித்தப்பா" என்றேன். மூன்றாவது தடவையும் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அது ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. நவம்பரில் வண்டி கைமாறிவிட்டது. மார்ச்சில் தொடங்கி ஒன்பது மாதம் இந்த 1967 மோரிஸ் மைனரோடு செலவழித்திருக்கிறேன். மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன். இங்கே இதே வண்டியை வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக பிரேக் விஷயத்தில், இது உதவும் என்று நம்புகிறேன்.

வார நாட்களில் லிஃப்ட் பராமரிப்பு எனக்கு வேலை. பழைய கார் என்பது சனி ஞாயிறு மட்டும். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். வாங்குவேன், சரிசெய்வேன், விற்பேன், அந்தக் காசில் அடுத்தது. இது மூன்றாவது. முதலில் ஒரு டாட்சன் 1200, பிறகு ஒரு மினி. சாதாரணமாக சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழை (காரை வைத்திருக்கப் பத்து ஆண்டுக்குத் தரும் அனுமதி) பொறுத்துத்தான் காரின் ஆயுளே. பத்து ஆண்டு முடிந்ததும் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். 35 வயதைத் தாண்டிய வண்டிக்கு மட்டும் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆண்டில் ஓட்டும் நாட்களுக்கு வரம்பு உண்டு, ஆனால் வண்டி உயிரோடு இருக்கலாம். அந்தத் திட்டம் இல்லாவிட்டால் இதையெல்லாம் நினைத்தே பார்த்திருக்க முடியாது.

வண்டி செம்பவாங்கில் ஒரு பெரியவரின் வீட்டு முன்னால் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. அவருடைய அப்பா புதிதாக வாங்கிய வண்டி. இரண்டு கதவு, 1098 சிசி இன்ஜின், சாம்பல் நிறம். "தம்பி, காசு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பரவாயில்ல. இதை ஓட விடுங்க" என்றார். மோரிஸ் மைனர் 1948-இல் வந்த வடிவம். பிற்பாடு மினியை வரைந்த அதே அலெக் இஸிகோனிஸ்தான் இதையும் வரைந்தார். மினியைப் பிரித்து மாட்டிய அனுபவம் இருந்ததால், அதே குடும்பத்து இன்ஜின்தானே, எளிதாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இன்ஜின் அப்படித்தான் இருந்தது. மற்றது எதுவும் அப்படி இல்லை.

வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) கார் நிறுத்துமிடத்தில் ஜாக் போட்டு வேலை செய்ய முடியாது. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையின் மூலையை மாதம் 280 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) எடுத்திருக்கிறேன். பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டிய சீன அங்கிள். அவருக்கும் எனக்கும் பொதுவான மொழி மலாய். அவரிடமிருந்து கற்றதுதான் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல்.

முதல் தப்பு முதல் மாதத்திலேயே நடந்தது. வெளியே பார்க்க வண்டி நன்றாக இருந்தது. கதவுகள் தொங்கவில்லை, சாவி போட்டுத் திறந்தால் 'டக்' என்று திறந்தது. இடது முன் மட்கார்டில் மட்டும் பழைய பட்டி வேலை. சரி, பெயின்ட்டை முதலில் முடித்துவிட்டால் மனதுக்குத் தெம்பாக இருக்கும் என்று 1,600 வெள்ளி கொடுத்து வெளியே அடிக்கக் கொடுத்தேன். நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி பளபளவென்று திரும்பி வந்தது. அடுத்த வாரம்தான் உள்ளே ரப்பர் விரிப்பைத் தூக்கினேன்.

விரிப்புக்கு அடியில் சணல் மாதிரி ஒரு அடுக்கு. பிழிந்தால் தண்ணீர் வந்தது. நம் ஊர் சாலையில் குளிர்நாடுகள் மாதிரி உப்புப் போடுவதில்லை, அதனால் துரு குறைவு என்று நினைப்போம். ஆனால் முன் கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே இறங்கும். விரிப்பு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஓட்டுநர் பக்கத் தரையில் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினேன், அது இறங்கிக் கீழே பட்டறைத் தரையைத் தொட்டது. வலப்பக்கம் கதவடி ஓரமாக 40 செ.மீ. நீளம், பயணி பக்கத்தில் உள்ளங்கை அகலம். ஜாக் வைக்கும் குறுக்குச் சட்டத்தின் முனையும் போயிருந்தது. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்புதான் எலும்பும். தரை போனால் அழகு போனது என்று விட முடியாது, பலமே போய்விடும்.

வெல்டிங்குக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் 30 ஆண்டுக்கு மேல் வெல்டராக இருந்தவர். பணம் என்ற பேச்சை எடுத்தால் கோபித்துக்கொள்வார் என்பதால் எடுக்கவில்லை. 1.2 மி.மீ. தகடு, 0.6 மி.மீ. கம்பி, வாயு எல்லாம் சேர்த்து 340 வெள்ளி. முதல் நாள் ஒன்றும் சரியாக வரவில்லை. அவருடையது கப்பல் தகட்டுக்குப் பழகிய கை. நீளமாக ஒரு கோடு இழுத்தார், தகடு உருகிக் காசளவு ஓட்டை விழுந்தது. பழைய தகட்டுத் துண்டுகளை வைத்து ஒரு மணி நேரம் பழகினார். பிறகு ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி, மூன்றாவது எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொன்றும் ஆறும்வரை காத்திருந்தார். "மெல்லிசு தகட்டுக்குப் பொறுமைதான்டா கம்பி" என்றார். ஓரம் முழுக்கத் தேயாத பழைய இரும்பு கிடைக்கும்வரை வெட்டியது சரியான முடிவு. துருவின் மேல் பொட்டு நிற்காது.

இன்னொன்று. அரைத்துப் பளபளப்பாக்கிய இரும்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். இந்த ஈரக்காற்றில் மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறப் பூச்சாக நிற்கும். அன்றன்றைக்கு அரைத்ததற்கு அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். எனக்கு இரண்டு தடவை மறுபடி அரைக்கும் வேலை வந்தது.

கதவடியை வெல்டு செய்த சூட்டில் வெளிப்பக்கப் புதுப் பெயின்ட் கொப்புளித்துக் கருகியது. அதை மறுபடி அடிக்க 450 வெள்ளி. விரிப்பை முதல் நாளே தூக்கிப் பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும் காசு அது.

இன்ஜின் வேலை ஓரளவு ஒழுங்காகப் போனது. நான்கு பிளக்கையும் கழற்றி அழுத்தம் பார்த்தேன். ஒன்று 155, இரண்டு 150, மூன்று 85, நான்கு 90 பிஎஸ்ஐ. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நடுவில் இருக்கும் கேஸ்கெட், அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே அழுத்தம் கசியாமல் அடைக்கும் தகடு. ஹெட்டைத் தூக்கியதும் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கேஸ்கெட் கருகிப் பிளந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. ஹெட் வெளியே வந்த வேளையில் வால்வ் சீட்டையும் பார்த்துவிடலாம் என்று கடைசல் கடைக்குக் கொண்டுபோனேன். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த இன்ஜின் இது. சிங்கப்பூரில் அந்தப் பெட்ரோல் 1998 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஈயம் இல்லாத பெட்ரோலில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும். நான்கு எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் கடினமான வளையம் பதித்து, ஹெட்டின் முகத்தைச் சமமாக்க 360 வெள்ளி. கேஸ்கெட் செட் 85.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில், மூன்று கட்டமாக, 40 பவுண்டு-அடி வரை முறுக்கினேன். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விடுவது) குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. ஒருமுறை சூடாக்கி ஆறவிட்டு இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். சோம்பல் படக்கூடாது, எனக்கு இரண்டு டாப்பெட் மாறியிருந்தது.

கருவி பற்றி ஒரு வார்த்தை. இது அங்குலக் கணக்கு வண்டி. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. பதின்மூன்று ஸ்பேனர் அதில் உட்காரும், கொஞ்சம் ஆடும், இறுக்கமான நட்டில் முனைகளை உருட்டிவிடும். மினி வேலையின்போது வாங்கிய அங்குல ஸ்பேனர் செட் என்னிடம் இருந்தும் அவசரத்தில் பதின்மூன்றை எடுத்து எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு நட்டைக் கெடுத்தேன். அதை வெட்டி எடுக்க ஒரு மாலைப்பொழுது போனது. இப்போது மைனருக்கு வேலை செய்யும் நாளில் மில்லிமீட்டர் பெட்டியைத் திறப்பதே இல்லை.

மின்சாரப் பக்கம் ஒரு தப்பு செய்தேன், 170 வெள்ளிக்கு. இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். பிளக்கில் பொறி வரவைக்கும் பழைய பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் எதற்கு, எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாம் என்று ஒன்று வரவழைத்தேன். பெட்டியில் நெகட்டிவ் எர்த் (நெகட்டிவ் முனை உடம்போடு இணைந்த வண்டிக்கு) என்று எழுதியிருந்ததைப் படித்தும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. சாவியைத் திருப்பியதும் மெல்லிய புகை, பிளாஸ்டிக் வாடை, அவ்வளவுதான். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கென்று தனியாக வருகிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நான் பழைய பாயிண்டையே சுத்தம் செய்து 0.015 அங்குல இடைவெளி வைத்துப் போட்டேன். அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் செய்து செம்பவாங் பெரியவருக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. போன் செய்தார், கொஞ்ச நேரம் பேசவும் இல்லை.

இனி பிரேக்.

இந்த வண்டியில் மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்த) சுற்று ஒன்றே ஒன்று. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரத்தின் பிரேக்கும் போய்விடும், கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். அதனால் எதையும் சந்தேகத்தோடு விட்டுவைக்க விரும்பவில்லை. ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளுவது வீல் சிலிண்டர். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்னால் ஒவ்வொன்று, மொத்தம் ஆறு. ஒன்று 38 வெள்ளி வீதம் ஆறையும் மாற்றினேன். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூ 95, மூன்று ரப்பர் ஹோஸ் 66. இரும்புக் குழாய்களில் இரண்டு துருவேறியிருந்ததால் எல்லாவற்றையும் தாமிர நிக்கல் குழாயாக மாற்றினேன். நம் காற்றுக்கு அதுதான் தாங்கும். குழாய் முனையை விரிக்கும் கருவியோடு 140. முனை விரிப்பதற்குக் குழாய்த் துண்டில் பத்துத் தடவையாவது பழகிக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் நான்கு முனையும் கோணலாக வந்தன. ஐந்தாவதில் கை பிடிபட்டது.

ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பகுதி) மிகத் தொலைவில் இருக்கும் இடது பின் சக்கரத்தில் தொடங்கி, குழாயில் சிக்கிய காற்றை எடுத்தேன். பெடல் தரையைத் தொட்டது. மறுபடி எடுத்தேன். ஒரு லிட்டர் ஆயில் போனது. குழாயில் குமிழியே வரவில்லை, பெடல் மட்டும் கிட்டத்தட்ட தரைவரை போனது. ஒழுகல் எங்கும் இல்லை. அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டர்தான் என்று முடிவு கட்டினேன். இந்த ஒரு முடிவுக்கு மூன்று சனிக்கிழமை கொடுத்தேன்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலுக்கு அடியில், சட்டத்துக்குள் இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியே தரை விரிப்பைத் தூக்கி ஒரு சின்னத் தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியிருக்கும் மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நேராக உள்ளே விழும். சிலிண்டரைப் பிடித்திருப்பது குறுக்கே போகும் இரண்டு நீள போல்ட். நட்டைக் கழற்றுவது எளிது. போல்ட்டை உருவப் போனால் பாதியில் முட்டி நிற்கும். முட்டுவது முன் சக்கர ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார், வண்டியின் நீளவாக்கில் போகும் தடித்த எஃகுக் கம்பி. அதன் முறுக்கைத் தளர்த்தி ஒதுக்கினால்தான் போல்ட் வெளியே வரும்.

முதல் சனிக்கிழமை முழுக்க அதைத் தொடாமல் வழி தேடினேன். போல்ட்டை வளைத்து எடுக்கலாமா, வெட்டலாமா என்று படுத்தபடியே யோசித்தேன். இடம் கிடையாது. மாலையில் விட்டுவிட்டேன். இரண்டாவது சனிக்கிழமை முறைப்படி இறங்கினோம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கை வைத்துப் பாரத்தை அதன் மேல் ஏற்றி, ஆர்மைப் பிரித்து, ஜாக்கை விரல் விரலாக இறக்கினோம். அந்தக் கம்பியில் முறுக்கிக் கிடக்கும் விசை சாதாரணமானதல்ல. ஜாக் நழுவினால் கை எலும்பு போய்விடும். தனியாக இருக்கும் நாளில் இதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், தலையும் கையும் கம்பியின் பாதையில் இருக்க வேண்டாம். கம்பி தளர்ந்ததும் போல்ட் வெண்ணெய் மாதிரி வந்தது.

புது மாஸ்டர் சிலிண்டர் 190 வெள்ளி, தயாராக வைத்திருந்தேன். மாட்டும்போது போல்ட்டுகளை எதிர்த்திசையில், உட்பக்கத்திலிருந்து வெளியே வரும்படி போட்டேன். நட்டு டார்ஷன் பார் பக்கம் வரும். அடுத்த முறை யார் கழற்றினாலும் கம்பியைத் தொட வேண்டாம், போல்ட் உள்பக்கமாக உருவி வந்துவிடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் திருப்தி தந்த ஐந்து நிமிடம் அதுதான்.

காற்று எடுத்தேன். பெடல் பழையபடியே தரைக்குப் போனது.

அன்று மாலை பழைய மாஸ்டர் சிலிண்டரை மேசையில் வைத்துப் பிரித்தேன். உள்ளே கீறல் இல்லை. ரப்பர் எல்லாம் மிருதுவாக, உதடு கூராக இருந்தது. யாரோ பல ஆண்டுக்கு முன் அதை மாற்றியிருக்கிறார், அதற்குப் பிறகு வண்டி அதிகம் ஓடவில்லை. நல்ல சிலிண்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல சிலிண்டரைப் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை அங்கிள் தன் டீயோடு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஒரு தடவை மிதித்தார், உள்ளே போனது. உடனே விட்டு மறுபடி மிதித்தார். பெடல் மேலேயே நின்றது, கெட்டியாக. "காற்று இருந்தால் பஞ்சு மாதிரி இருக்கும். இது இரண்டாவது மிதிக்கு ஏறி வருது. ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிக்குது" என்றார் மலாயில். டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அதை ஏற்கக் கடினமாக இருந்தது. ஷூவை நான்தான் சரிசெய்திருந்தேன். முன் சக்கரத்துக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று என்று ஆறு அட்ஜஸ்டர். டிரம்மில் இருக்கும் துளை வழியே நீள ஸ்க்ரூடிரைவர் விட்டு, சக்கரம் உரசும் வரை திருப்பி, ஒரு 'கிளிக்' பின்னால் எடுக்க வேண்டும். உரசும் சத்தம் கேட்டு எடுத்தேனே என்று நினைத்தேன். ஆனாலும் இடது முன் டிரம்மைக் கழற்றி, லைனிங் (ஷூவின் மேல் டிரம்மில் உரசும் பட்டை) முழுக்க சாக்பீஸ் தேய்த்து, மாட்டி, பெடலை மிதித்துச் சக்கரத்தைச் சுற்றி, மறுபடி கழற்றினேன். லைனிங்கின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. மீதி வெள்ளை அப்படியே இருந்தது.

டிரம்மின் உட்பக்கத்தை விரலால் தடவியதும் புரிந்தது. பழைய ஷூ நடுப்பகுதியைத் தேய்த்து, ஓரத்தில் ஒரு விளிம்பு நின்றிருந்தது. எட்டங்குல டிரம், அதாவது 203.2 மி.மீ. நடுவில் 203.9 காட்டியது. புது ஷூ கொஞ்சம் அகலம், அது விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் கேட்ட உரசல் அந்த விளிம்பின் சத்தம். நடுவே லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையில் காற்றுதான். அந்த இடைவெளியை நிரப்பவே பெடலின் பாதித் தூரம் போய்க்கொண்டிருந்தது.

டிரம்களைக் கடைசலில் கொடுத்து விளிம்பை எடுக்க 60 வெள்ளி. 204.1-இல் நிறுத்தினார்கள். இடது முன் அட்ஜஸ்டர் ஒன்று துருவில் இறுகியிருந்தது, அதைச் சூடாக்கி எண்ணெய் விட்டு ஓட வைத்தேன். மாட்டி, ஆறு அட்ஜஸ்டரையும் புதிதாக வைத்து, மறுபடி சாக்பீஸ் சோதனை. இந்தத் தடவை லைனிங்கின் பெரும்பகுதி அழிந்தது. அன்று பகலில் மிதித்ததுதான் நான் முதலில் சொன்ன பெடல்.

அடுத்த வண்டியில் பெடல் இறங்கினால் என் வரிசை இதுதான்: முதலில் இரண்டு தடவை வேகமாக மிதிப்பேன். ஏறி வந்தால் டிரம்மைக் கழற்றி விளிம்பைத் தடவிப் பார்ப்பேன், சாக்பீஸ் தேய்ப்பேன். இரண்டும் சேர்ந்து அரை மணி நேரம், ஒரு காசு செலவில்லை. அதற்குப் பிறகுதான் எதையும் வாங்குவேன். பிரேக் ஆயிலைச் சின்னப் பாட்டிலாகவே வாங்குவேன். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், திறந்த பெரிய பாட்டிலை நம் ஊரில் மாதக்கணக்கில் வைக்கக்கூடாது.

மீதி வேலைகள் சுருக்கம். இருக்கை உறையை மலேசியாவின் ஜொகூர் பாருவில் தைத்தேன், சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கில் 380. நான்கு டயர் 380. இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்த கப்பல், விமானக் கட்டணமும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து 410. மைனருக்கு இன்னமும் கிட்டத்தட்ட எல்லாப் பாகமும் புதிதாகக் கிடைக்கிறது என்பது பெரிய நிம்மதி. பாகங்களை ஒன்றொன்றாக வரவழைக்காமல் ஒரே பெட்டியாகப் போட்டிருந்தால் இதில் பாதி மிச்சமாகியிருக்கும். ஆய்வு நிலையத்தில் பிரேக் உருளை மேல் வண்டி ஏறியபோது என் உள்ளங்கை வேர்த்திருந்தது. இடதும் வலதும் ஏறக்குறைய சமமாக வந்தன, தேறியது. மறுநாள் விடிகாலையில் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு எடுத்துப் போனேன். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ நடந்த பாதை அது. இன்று குரங்குகள் உட்கார்ந்திருக்கும் அமைதியான காட்டுச் சாலை. மெதுவாகத்தான் ஓட்டினேன். வளைவுக்கு முன் மிதித்தபோது வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை.

விற்பது எனக்கு எப்போதும் கஷ்டமான பகுதி. மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாமவர் பெயின்ட்டை மட்டும் பார்த்தார். இடது மட்கார்டில் பட்டி இருக்கிறது என்று நானே சொன்னதும், அதைப் பிடித்துக்கொண்டு விலையைப் பாதிக்குக் கொண்டுபோனார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சித்தப்பாவுக்கு வருத்தம். எனக்கு இல்லை. காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும் விஷயம், அதற்கும் மேலே, இந்த வண்டியில் ஒரு குடும்பம் ஏறும். தெரிந்த குறை ஏழையும் தாளில் எழுதி, வெல்டிங் படம், பிரேக் அளவு, ரசீது எல்லாவற்றோடும் ஒரு கோப்பாக வைத்திருந்தேன்.

மூன்றாவதாக வந்தவர் பெடோக்கிலிருந்து ஓர் ஆசிரியை, கணவரோடு. அவருடைய தாத்தா ஈப்போவில் இதே வண்டி வைத்திருந்தாராம். கோப்பை முழுக்கப் படித்தார். பிறகு அட்டையை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். அடியிலிருந்து குரல் வந்தது: "அண்ணா, இந்த வெல்டிங் நீங்க போட்டதா?" சித்தப்பா என்னை முந்திக்கொண்டு, "நான் போட்டதும்மா" என்றார். "ரொம்ப ஒழுங்கா இருக்கு அங்கிள்" என்றார் அவர். அன்று முழுக்கச் சித்தப்பா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். விலையில் கொஞ்சம் பேசினார்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

கணக்கு இது. ஒன்பது மாத இட வாடகை 2,520 உட்பட மொத்தச் செலவு 7,474 வெள்ளி. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் வித்தியாசம் 8,600. மிச்சம் 1,126. கருகிய பெயின்ட், எரிந்த இக்னிஷன், தேவைப்படாத மாஸ்டர் சிலிண்டர் மூன்றும் சேர்ந்து 810. என் நேரத்துக்கு நான் கணக்கு வைப்பதில்லை. மிச்சத்தில் சித்தப்பாவுக்குத் தானாகக் கறுக்கும் ஒரு நல்ல வெல்டிங் முகமூடி வாங்கிக் கொடுத்தேன். அதை மட்டும் மறுக்கவில்லை.

புது லைனிங் படிந்து உட்கார்ந்ததும் அட்ஜஸ்டரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசிரியையிடம் சொல்லியிருந்தேன். 400 கிலோமீட்டர் ஆனதும் போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தார். நான் செய்கிறேன் என்றதற்கு, "சொல்லிக் கொடுங்க அண்ணா, நானே பண்றேன்" என்றார். சக்கரத்தைக் கழற்றி, துளையை அட்ஜஸ்டருக்கு நேராகக் கொண்டுவந்து, 30 செ.மீ. ஸ்க்ரூடிரைவரை விட்டு, உரசலைக் காதால் கேட்டு, ஒரு கிளிக் பின்னால் எடுத்தார். இடது முன்னால் இரண்டு கிளிக் தேவைப்பட்டது, மற்றதெல்லாம் ஒன்று. ஆறுக்கும் முக்கால் மணி நேரம். அந்த ஸ்க்ரூடிரைவரை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஜாலான் புசாரில் 9 வெள்ளிக்கு எனக்கு ஒன்று வாங்கியாயிற்று.